ஒரு பிடித் தண்ணீர்

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

எங்கள் மகளுக்கு இப்போது 20 மாதம். சில நாட்களுக்கு முன், வெயில் ஏறத் தொடங்காத ஒரு காலையில், அவள் தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி தண்ணீரை எடுத்தாள். அள்ளவில்லை, பிடித்தாள். பொம்மையைப் பிடிப்பதுபோல விரல்களை இறுக மூடிக்கொண்டு, தத்தித் தத்தி என்னிடம் வந்து, "இந்தா" என்று கையைத் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. உள்ளங்கை மட்டும் பளபளத்தது. திருப்பிப் புறங்கையைப் பார்த்தாள். அங்கேயும் இல்லை. மறுபடி தொட்டிக்குப் போனாள். இப்படியே ஏழெட்டு முறை. அழவில்லை, சலித்துக்கொள்ளவும் இல்லை. ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் இறுக்கமாகப் பிடித்தாள், அவ்வளவுதான்.

கடைசியில் என் மனைவி அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, மூடிய அந்தக் கைக்குக் கீழே தன் இரண்டு கைகளையும் குவித்து வைத்தார். இரண்டு சொட்டு விழுந்தது. "அம்மாவுக்குக் கிடைச்சாச்சு!" என்றார். அப்போது குழந்தை முகத்தில் வந்த சிரிப்பை வானொலியில் உங்களுக்குக் காட்ட முடியாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நடை பழகும் பிள்ளையோடு கோடையை எப்படிக் கழிக்கிறீர்கள் என்று பேச என்னை அழைத்திருக்கிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு தொட்டித் தண்ணீரும், ஒரு துண்டு நிழலும், அவசரப்படாத இரண்டு பெரியவர்களும் கிடைத்துவிட்டால் கோடை நிறைந்துவிடுகிறது. மூன்றாவதாகச் சொன்னேனே, அவசரப்படாத பெரியவர்கள், அதுதான் கிடைப்பதற்கு அரிது.

கோடையின் தொடக்கத்தில் நாங்களும் அவசரப்பட்டோம். தொலைவில் இருக்கும் ஓர் ஏரிக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனோம். புதுத் தொப்பி, மிதவை, மாற்றுத் துணி என்று பை நிறைய ஏற்பாடு. போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். கூட்டத்தையும் இரைச்சலையும் பார்த்துப் பிள்ளை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மறுத்தாள். முகம் சிவந்து, சோர்ந்துபோய், கண்ணை மூடிக்கொண்டாள். உடனே நிழலுக்குத் தூக்கி வந்து, ஈரத் துணியால் உடம்பைத் துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் புகட்டினோம். அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டாள். திரும்பிப் போகும் வழியில் வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில், மர நிழலில் ஒரு குழாய் கசிந்துகொண்டிருந்தது. அதன் அடியில் கை வைத்து நின்றவள் நகரவே இல்லை. ஒரு சொட்டு விழும். உடம்பு சிலிர்க்கும். எங்களை நிமிர்ந்து பார்ப்பாள். அடுத்த சொட்டுக்குக் காத்திருப்பாள். அந்த ஏரியைப் பற்றி எங்களுக்கு இப்போது நினைவிருப்பது அந்தக் குழாய்தான்.

அன்று அவள் அப்படித் துவண்டதற்குக் காரணம் உண்டு. சிறு குழந்தையின் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு நம்மைவிட அதிகம். வெளியில் இருக்கும் சூடு வேகமாக உள்ளே ஏறிவிடும். வியர்த்து அதை வெளியேற்றும் திறனோ நம் அளவுக்கு இல்லை. தாகம் என்று சொல்லவும் தெரியாது. அதனால் இப்போதெல்லாம் அவள் கேட்கும்வரை நாங்கள் காத்திருப்பதில்லை. விளையாட்டுக்கு நடுவே அடிக்கடி ஒரு மடக்குத் தண்ணீர். டயப்பர் வழக்கம்போல நனைகிறதா என்று ஒரு கண். தள்ளுவண்டியின் மேல் துணியைப் போர்த்தினால் நிழல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் உள்ளே காற்று தேங்கிச் சூடு கூடிவிடும். நிறுத்திய காரைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் 10 நிமிடத்திலேயே வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடலாம். ஒரு நிமிடம்தானே என்று பிள்ளையை உள்ளே விட்டுவிட்டுப் போகவே கூடாது.

சரி, இனி சந்தோஷமான விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் நாள் நிழலைப் பார்த்து நடக்கிறது. இது என் மனைவி கொண்டுவந்த ஏற்பாடு. காலையில் வெளியே வந்தால் பிள்ளையின் நிழல் அவளைவிட நீளமாகத் தரையில் கிடக்கும். அதை மிதிக்கப் பார்ப்பாள். அது நகரும். உட்கார்ந்து கையால் பிடிக்கப் பார்ப்பாள். அதுவும் கை நீட்டும். நேரம் ஏற ஏற நிழல் சுருங்கிக்கொண்டே வரும். பிள்ளையின் நிழல் பிள்ளையைவிடக் குட்டையாகிவிட்டால் நாங்கள் உள்ளே வந்துவிடுவோம். சூரியன் உச்சியை நெருங்கும்போதுதான் நிழல் குட்டையாகிறது, அப்போதுதான் தோலைச் சுடும் புற ஊதாக் கதிர்களும் கடுமையாக இருக்கின்றன. காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை வெயிலைத் தவிருங்கள் என்று மருத்துவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இந்தக் கணக்குத்தான். கடிகாரத்தைவிட நிழல் எனக்குப் பிடித்திருக்கிறது. அதைப் பிள்ளையும் பார்க்க முடியும். இப்போது சில நாட்களில் தன் காலடியைப் பார்த்துவிட்டு அவளே வாசல் பக்கம் கையைக் காட்டுகிறாள்.

உள்ளே வருவதற்கு முன்னால் இருக்கும் அந்த ஒன்றரை மணி நேரம் முழுக்கத் தண்ணீர்தான். அகலமான ஒரு தொட்டி, அதில் கணுக்காலுக்குக் கீழே தண்ணீர். ஒரு குவளை, ஒரு வடிகட்டி, ஒரு கரண்டி, ஒரு பஞ்சு. கடையில் விற்கும் விளையாட்டுச் சாமான்களும் சில இருந்தன. அவற்றை அவள் தொடுவதே இல்லை. குவளையில் மொண்டு வடிகட்டியில் ஊற்றுகிறாள். தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது. வடிகட்டியில் மொண்டு குவளையில் ஊற்றப் பார்க்கிறாள். வருவதற்குள் காலியாகிவிடுகிறது. நிரப்பு, கொட்டு, நிரப்பு, கொட்டு. பார்க்கிறவர்களுக்கு ஒரே காரியம்போலத் தெரியும். கீழே உட்கார்ந்து கூர்ந்து பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்றை மாற்றிக்கொண்டே இருக்கிறாள் என்பது புரியும். ஒரு முறை உயரத்திலிருந்து, ஒரு முறை மெதுவாக, ஒரு முறை தன் தொப்புளின் மேல்.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த வயதில் உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். குனிந்த பிள்ளை குப்புற விழுந்தால் தானாக எழ முடியாமல் போகலாம். மூழ்குவதற்கு 5 சென்டிமீட்டர் தண்ணீர் போதும், சத்தமும் கேட்காது. அதனால் தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை எங்களில் ஒருவர் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருப்போம். கைபேசி வீட்டுக்குள் இருக்கும். விளையாட்டு முடிந்ததும் தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் பிள்ளையின் தலையைத் துவட்டுவோம். குளியலறை வாளிக்கும் இதே முறைதான்.

இந்தக் கோடையின் பெரிய கண்டுபிடிப்பு சுவரில் நடந்தது. வண்ணம் பூசும் பழைய தூரிகை ஒன்றை நன்றாகக் கழுவி அவளிடம் கொடுத்தோம். அதைத் தண்ணீரில் முக்கி வெளிச் சுவரில் இழுத்தாள். அடர்ந்த நிறத்தில் ஒரு கோடு விழுந்தது. திகைத்துவிட்டாள். இன்னொரு கோடு. திரும்பி முதல் கோட்டைப் பார்த்தால் பாதி காய்ந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுக்க மறைந்தது. இரண்டு கையையும் விரித்து, "காணோம்" என்றாள். அவளுடைய சொற்களில் எனக்கு மிகவும் பிடித்த சொல் அது.

பொருள் கண்ணைவிட்டு மறைந்தாலும் எங்கோ இருக்கிறது என்பது பிறக்கும்போதே தெரிந்த விஷயம் அல்ல, குழந்தை முதல் இரண்டு வயதுக்குள் அதைப் படிப்படியாகக் கற்றுக்கொள்கிறது என்று எழுதியவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ழான் பியாஜே. தன் மூன்று பிள்ளைகளையும் வீட்டில் உன்னிப்பாகக் கவனித்துத்தான் அவர் பலவற்றை எழுதினார். போர்வைக்குள் ஒளித்த பொம்மையை எங்கள் மகள் இப்போது சரியாகத் தேடி எடுத்துவிடுவாள். சுவரில் மறைந்த கோட்டை எங்கே தேடுவது? சுவரைத் தடவினாள், தூரிகையின் முனையை முகர்ந்தாள், என் சட்டைப் பையையும் பார்த்தாள். அந்த ஈரம் காற்றில் கலந்துவிட்டது என்று அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ஊதிக் காட்டினேன். அதன் பிறகு தினமும் கோடு போட்டுவிட்டு அவளும் ஊதுகிறாள்.

ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பம் தேவை. அதைச் சுற்றியிருக்கும் பொருளிடமிருந்துதான் அது எடுத்துக்கொள்ளும். அவள் சிந்தித் தீர்த்த தண்ணீர் காய்கிற நேரத்தில் அந்தத் தரையில் உட்கார்ந்து பாருங்கள், சில்லென்று இருக்கும். நாங்கள் மூவரும் சுவரில் சாய்ந்து கால் நீட்டிக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்போம். பெரும்பாலும் ஒன்றும் பேசுவதில்லை.

நண்பகல் உறக்கத்துக்கு. ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. திரைச்சீலையை இழுத்துவிட்டு, மெல்லிய பருத்தித் துணி ஒன்றை மாட்டிவிட்டால் அவள் தூங்கிவிடுவாள். பக்கத்தில் படுக்கும் நாங்களும் தூங்கிவிடுவோம். குழந்தை பிறந்த பிறகு பகலில் நிம்மதியாகக் கண்மூடியது இந்தக் கோடையில்தான்.

மாலையில் சோப்புக் குமிழிகள். முன்பு மத்தியானத்தில் ஊதிப் பார்த்தோம், பறந்த வேகத்தில் உடைந்தன. காய்ந்த காற்றில் குமிழியின் மெல்லிய நீர்ப்படலம் சீக்கிரம் வற்றிவிடுகிறது. வெயில் தாழ்ந்து காற்றில் கொஞ்சம் ஈரம் சேர்ந்ததும் அவை நிதானமாக மிதக்கின்றன. வளையம் வட்டமாக இருந்தாலும் சதுரமாக இருந்தாலும் பறக்கிற குமிழி உருண்டைதான், ஏனென்றால் அந்தப் படலம் தன்னால் முடிந்த அளவு சிறிய பரப்புக்குச் சுருங்கப் பார்க்கிறது. அதன் மேல் ஓடும் வண்ணங்களை நான் பல வருடங்களாகப் பார்க்கவே இல்லை என்பது அவளோடு ஊதியபோதுதான் உறைத்தது.

அப்புறம் நடை. பெரியவர் 2 நிமிடத்தில் கடக்கும் தூரத்துக்கு எங்களுக்கு அரை மணி நேரம் ஆகும். ஒரு நாள் எறும்பு வரிசை ஒன்றின் பக்கத்தில் குந்திவிட்டாள். விரலால் தரையில் குறுக்காகத் தேய்த்தாள். வரிசை கலைந்தது. முன்னால் போன எறும்பு விட்டுச்சென்ற வாசனையைப் பிடித்துத்தான் பின்னால் வருவது நடக்கும். அந்தத் தடம் அழிந்ததும் அவை இங்குமங்கும் அலைந்தன. கொஞ்ச நேரத்தில் ஒன்று வழியைக் கண்டுபிடிக்க, வரிசை மீண்டும் சேர்ந்தது. இருட்டப்போகிறதே என்று நான் கிளம்பப் பார்த்தேன். "இப்ப என்ன அவசரம்? எறும்பு இன்னும் வீட்டுக்குப் போகலையே" என்றார் மனைவி. உட்கார்ந்தேன்.

இதையெல்லாம் அவள் நினைவில் வைத்திருக்கப்போவதில்லை. வளர்ந்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலோரின் முதல் ஞாபகம் மூன்று வயதுக்கு மேல்தான் தொடங்குகிறது. இது தெரிந்த நாளில் எனக்கு மனம் கனத்துத்தான் போனது. சுவரில் போட்ட கோடுபோல, இந்தக் கோடை முழுவதும் அவளுக்குக் காணாமல் போய்விடும். என் மனைவி அதற்குப் பதிலாக எதுவும் சொல்லவில்லை. ஒரு நோட்டு வாங்கி வந்தார். நாளுக்கு ஒரு வரி. "இன்று நிழலுக்குத் தண்ணீர் கொடுத்தாள்." "இன்று கூழாங்கல்லைத் தூங்க வைத்தாள்." தேதியும் அந்த ஒரு வரியும் மட்டும். பெரியவளானதும் அவளிடம் கொடுப்பதற்காக.

நடந்து திரும்பும் நேரத்தில் நிலா இருந்தால் அன்று வீடு சேர இன்னும் தாமதமாகும். நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரித்தபோது, தளர்நடை நடந்து வரும் வருகைப் பருவத்துக்கு அடுத்து நிலவை விளையாட அழைக்கும் அம்புலிப் பருவத்தை வைத்தார்கள். நடக்கத் தொடங்கிய பிள்ளை அடுத்து வானத்தைத்தான் பார்க்கும் என்று அவர்களும் ஒரு பிள்ளையின் பின்னால் நடந்துதான் கண்டிருக்க வேண்டும். எங்கள் மகள் நடந்தால் நிலாவும் நடக்கிறது. அவள் நின்றால் அதுவும் நிற்கிறது. நிலா சுமார் 3,84,400 கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் நம் பத்தடியில் அதன் இடம் மாறுவதே இல்லை, பக்கத்து மரங்கள் மட்டும் பின்னால் போகின்றன, அதனால் கூடவே வருவதுபோலத் தெரிகிறது. அவளுக்கு அந்தக் கணக்கு வேண்டியதில்லை. நாலடி ஓடுகிறாள், சட்டென்று நின்று, நிலாவும் நின்றுவிட்டதா என்று திரும்பிப் பார்க்கிறாள். நேற்று அதற்கும் கையை இறுக மூடி ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு போய், எட்டின வரை நீட்டி, "இந்தா" என்றாள்.

நோட்டில் நேற்றைய வரி அதுதான். வணக்கம்.