பக்கத்துக் காம்பராப் பாட்டு

வணக்கம். அடுப்பில் தேத்தண்ணி கொதிக்க விட்டுவிட்டு வானொலியைத் திருப்பியவர்களுக்கும் வணக்கம். மஸ்கெலியாப் பக்கம் தேர்த் திருவிழா இசைக்குழுக்களில் இருபத்தைந்து வருடம் கிட்டார் வாசித்தவன் நான். சினிமாப் பாட்டைப் பற்றித்தான் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை, ஐஸ்லாந்துப் பாடகர் ஒருவரைப் பற்றிப் பேசப் போகிறேன். பெயர் யோன்ஸி.

அவரிடம் போகுமுன் கொஞ்சம் லயத்துக்குப் போவோம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கு. பழைய லயத்தில் காம்பரா என்கிற அறைகளுக்கு நடுவே உள்ள சுவர் கூரை வரை போகாது, உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் வானொலிப் பெட்டி இல்லை, பக்கத்துக் காம்பராவில் இருந்தது. இரவில் பாட்டு சுவருக்கு மேலே ஏறி, தகரத்தில் பட்டு, எங்கள் பக்கம் இறங்கும். இறங்குவதற்குள் சொல்லெல்லாம் உதிர்ந்துவிடும், குரல் மட்டும் வந்து சேரும். மழை பெய்தால் அதுவும் பாதிதான். அப்படிக் கேட்டே தூங்கிப் பழகினேன். பெரியவனாகி அதே பாட்டுகளைச் சொல்லோடு கேட்டபோது, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

கொழும்பில் கடையில் வேலை செய்யும் என் மருமகன் ஒரு தீபாவளிக்கு வந்தான். காதில் வயரைச் செருகி, "மாமா, இதக் கேளுங்க" என்றான். கேட்டேன். அதே பக்கத்துக் காம்பரா! ஆணா பெண்ணா என்று சந்தேகம் வரும் உயரத்தில் ஒரு குரல், சொல் ஒன்றும் பிடிபடவில்லை. வேற்று மொழி, நமக்கு விளங்காது என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் தெரிந்தது, பல பாட்டுகள் ஐஸ்லாந்துக்காரர்களுக்கே விளங்காதாம்.

யோன்ஸியின் குழு சிகுர் ரோஸ், 1994இல் ரெய்க்யவிக் நகரத்தில் தொடங்கியது. அந்த நேரம் பிறந்த அவருடைய தங்கையின் பெயரையே குழுவுக்கு வைத்தார்கள். 2002இல் அவர்கள் வெளியிட்ட இசைத்தட்டுக்குப் பெயரே கிடையாது, இரண்டு அடைப்புக்குறிகள் மட்டும். பாட்டுகளில் அர்த்தமுள்ள சொல் கிடையாது. கூட வந்த சிறு புத்தகத்திலும் வெற்றுப் பக்கங்கள்தான், கேட்பவர்கள் தமக்குத் தோன்றியதை எழுதிக்கொள்ள. இதில் என்ன அதிசயம் என்று நம் அம்மாக்கள் கேட்பார்கள். ஆராரோ ஆரிரரோவுக்கு யாராவது அர்த்தம் கேட்டோமா?

சரி, கிட்டாருக்கு வருகிறேன். எனக்குப் பைத்தியம் இதில்தான். யோன்ஸி கிட்டாரை விரலால் மீட்டுவதைவிட செலோ வில்லால் இழுப்பதற்குத்தான் பேர் போனவர். செலோ என்பது வயலினுக்குப் பெரியப்பா, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிப்பது. கம்பியை மீட்டினால் சத்தம் பிறந்த கணமே தேயத் தொடங்கும். வில்லால் இழுத்தால் இழுக்கிற வரை தேயாது.

நானும் செய்து பார்த்தேன். தெரிந்த வயலின்காரர் ஒருவரிடம் வில்லை இரவல் வாங்கினேன். வயலினில் கம்பிகள் குதிரை என்கிற வளைந்த மரத்துண்டின் மேல் நிற்பதால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தொடலாம். கிட்டாரில் ஆறும் ஒரே மட்டத்தில் சப்பையாகக் கிடக்கின்றன, வில்லை வைத்தால் கூட்டமாகக் கத்துகின்றன. பத்து நிமிடம் போயிருக்காது, மேல் லயத்து அக்கா வந்துவிட்டார். "யாரு வூட்டுப் புள்ள இப்புடி அழுவுது?" கிட்டாரைக் காட்டினேன். நம்பவில்லை. உள்ளறை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார். வில்லைத் திருப்பிக் கொடுக்கும்போது அதில் மயிர் கால்வாசி அறுந்திருந்தது. அந்த மனிதர் இன்றைக்கும் என்னைக் கண்டால் வயலின் பெட்டியைப் பூட்டுகிறார்.

என்னிடம் இல்லாதது எதிரொலி. யோன்ஸி வில்லின் சத்தத்தைக் கருவிக்குள் அனுப்பி, பெரிய குகைக்குள் சுற்றுவது போல ஆக்கிவிடுகிறார். நம் மலைகள் இதைச் சும்மாவே செய்கின்றன. எதிர் மலையில் ஒருவர் தப்படித்தால் முதலில் குச்சி இறங்குவது தெரியும், சத்தம் பிறகுதான் வரும். சத்தம் வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும், பள்ளத்தாக்கைத் தாண்ட இரண்டு வினாடி எடுத்தாலும் எடுக்கும். வரும்போது கூர்மை போய், அதிர்வு மட்டும் வரும். மறுபடியும் பாருங்கள், பக்கத்துக் காம்பராதான்.

இனி அவருடைய தனிப் பயணம். 2010இல் 'கோ' என்று முதல் தனி இசைத்தட்டு வந்தது. துள்ளல், வேகம், பெரும்பாலும் ஆங்கிலச் சொற்கள். பக்கத்துக் காம்பராக்காரர் கதவைத் தட்டி உள்ளே வந்து, முன்னால் உட்கார்ந்து பாடியது போல இருந்தது. மருமகனுக்கு அதுதான் உயிர். நான் அதற்குப் பழக நாளாயிற்று, இன்றும் சண்டை போடுகிறோம். அடுத்தது பத்து வருடம் கழித்து 2020இல், 'ஷிவர்'. கணினி ஒலிகள் உடைந்து சிதறும் தட்டு. நல்லதுதான், ஆனால் இரவு பத்து மணிக்குக் கேட்கிற சாமான் இல்லை.

எனக்குப் பிடித்தது 2021. அந்த மார்ச்சில் ரெய்க்யவிக்குக்குத் தொலைவில்லாத ஃபாக்ரடால்ஸ்ஃபியால் எரிமலை வெடித்தது. யோன்ஸி அப்போது லொஸ் ஏஞ்சல்ஸில், கொரோனாவால் ஊர் போக முடியவில்லை. ஊரில் மலை எரிகிறது, இவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். பார்க்க முடியாத அந்த மலையை ஒலியாலேயே கட்டி, நியூயோர்க்கில் ஒரு கலைக்கூடத்து இருட்டறைக்குள் வைத்தார். 'ஒப்சிடியன்' என்ற தட்டும் வந்தது. எரிமலைக் குழம்பு குளிர்ந்து ஆகும் கறுப்புக் கண்ணாடிக் கல்லின் பெயர் அது. வெளிநாட்டில் வேலை செய்துகொண்டு, ஊரில் மண் சரிந்த செய்தியைத் தொலைபேசியில் கேட்ட பிள்ளைகள் நம்மிடமும் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரல் காட்டுகிறார். ரசிகர்களைப் பற்றிப் பேசத்தான் குறிப்பு எழுதி வந்தேன். 2006இல் சிகுர் ரோஸ் ஐஸ்லாந்தில் ஊர் ஊராகப் போய், கைவிடப்பட்ட மீன் தொழிற்சாலையில்கூட இலவசமாக வாசித்தார்கள், அதை விரிவாகச் சொல்ல ஆசை. எங்கள் பக்கத்து ரசிகர் மன்றம் மூன்று பேர்: நான், மருமகன், தேயிலை ஸ்டோரில் இரவு வேலை பார்க்கும் ஒரு பொடியன். அவன் இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் கேட்கிறானாம். யோன்ஸி குடும்பம் ரெய்க்யவிக்கில் வாசனைத் திரவியக் கடை வைத்திருப்பதும் அவன் சொல்லித்தான் தெரியும். கொழுந்து வாடும் வாசனையை அந்த மனிதருக்கு யாராவது அனுப்பவேண்டும் என்கிறான்.

ஒரு விரல் காட்டுகிறார். கேட்டுப் பார்க்க விரும்பினால் காதில் வயரைச் செருகாதீர்கள். தொலைபேசியை அடுத்த அறையில் வைத்து, கதவைப் பாதி சாத்திவிட்டு வந்து படுங்கள். வணக்கம்.