சூரிய ஒளியில் ஓடும் கார்: தகடு எங்கே இருக்க வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம். அழைத்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. கார்களுக்கு மின்வேலை பார்த்தே காலம் கழித்தவன் நான். நம் தென்னாப்பிரிக்காவில் பெட்ரோல் விலை மாறும் நாளான மாதத்தின் முதல் புதன்கிழமை நெருங்கினால் போதும், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் என் பட்டறைக்கு வருகிறவர்கள் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "அண்ணே, பெட்ரோல் மறுபடியும் ஏறப்போகிறதாமே, சூரிய ஒளியில் ஓடும் கார் நம் கைக்கு எப்போது எட்டும்?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோலார் தகடு காரின் மேல் இருக்க வேண்டியதில்லை. அது வீட்டுக் கூரையில் இருக்கட்டும், கார் மின்சார காராக இருக்கட்டும். நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகும் சூரிய கார் அதுதான்.

காரின் மேலேயே தகட்டைப் பதித்து ஓட்டும் ஆசை புதியதல்ல. 1987இல் ஆஸ்திரேலியாவில் டார்வினிலிருந்து அடிலெய்டு வரை சுமார் 3,000 கிலோமீட்டர் பந்தயம் நடத்தினார்கள். நம் நாட்டிலும் 2008 முதல் அப்படியொரு பந்தயம் நடந்துவருகிறது. நம் குவாசூலு நட்டால் பல்கலைக்கழகப் பிள்ளைகள் 2012இல் 'இக்ல்வா' என்ற காரோடும், 2014இல் 'ஹூலமின்' என்ற காரோடும் அதில் இறங்கினார்கள். டர்பனில் படித்த பிள்ளைகள் தங்கள் கையாலேயே கட்டிய கார்! இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் பெருமை தாங்கவில்லை.

அப்படியொரு பந்தயக் காரை ஒருமுறை அருகில் நின்று பார்த்தேன். நேயர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும், இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. காரின் மேல்மூடி முழுவதும் தகடுதான். இரண்டு பிள்ளைகள் அந்த மூடியைக் கழற்றி, வெயிலுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்திருந்தார்கள். ஒரு பெண் பிள்ளை ஈரத்துணியால் அதன் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முன்சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கி வைத்திருந்தார்கள். அனுமதி கேட்டு அதை ஒரு விரலால் மெல்லத் தள்ளினேன். சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. நான் அந்தப் பிள்ளையிடம் இரண்டு கேள்வி கேட்டு, பதிலும் வாங்கிய பிறகுதான் நின்றது. உராய்வே இல்லாத மாதிரி செய்திருந்தார்கள். நம் சமையலறைக் கெட்டில் தண்ணீர் கொதிக்க இழுக்கும் மின்சாரத்தில் பாதி இருந்தாலே இந்தக் கார் நெடுஞ்சாலையில் ஓடிவிடும். பந்தயத்தில் முன்னணிக் குழுக்கள் எட்டு நாளில் 4,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடியிருக்கின்றன, ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாமல்.

ஆனால் அந்தக் காரில் ஓர் ஆள் படுத்தவாக்கில்தான் உட்கார முடியும். குளிரூட்டி இல்லை. பாட்டியை ஏற்ற இடமில்லை, அரிசி மூட்டைக்கும் இடமில்லை.

நம் குடும்பக் காரின் கூரையில் இரண்டு சதுர மீட்டர் தகடு பதிக்கலாம் என்று வையுங்கள். உச்சி வெயிலில் 400 வாட் கிடைக்கும். நாள் முழுக்க வெயிலில் நின்றால் சுமார் 2 யூனிட். மின்சார கார் 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15 யூனிட் கேட்கிறது. இழப்பெல்லாம் போக, ஒரு நாள் வெயிலுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அதற்காக டர்பன் வெயிலில் காரைக் காயப்போட்டால், மாலையில் கதவைத் திறந்ததும் குளிரூட்டியைத்தான் தேடுவோம். சேர்த்ததில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். போதாததற்கு, தகடு சூடேற ஏற அதன் உற்பத்தியும் குறையும்.

விலையையும் பாருங்கள். நெதர்லாந்தில் 'லைட்இயர்' என்ற நிறுவனம் 5 சதுர மீட்டர் தகட்டோடு ஒரு கார் செய்தது. விலை 2,50,000 யூரோ, நம் பணத்தில் நாற்பது லட்சம் ரேண்டுக்கும் மேல். 2023 தொடக்கத்திலேயே அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாதம் ஜெர்மனியின் 'சோனோ மோட்டார்ஸ்' 'சியான்' என்ற தன் சூரிய காரைக் கைவிட்டது. நல்ல பொறியாளர்கள்தான், ஆனால் கணக்கு இடம்கொடுக்கவில்லை.

இப்போது வீட்டுக் கூரைக்கு வருகிறேன். மின்வெட்டுக் காலத்தில் நம்மில் பலர் தகடு போட்டுவிட்டோம். 450 வாட் தகடு பத்து இருந்தால், நல்ல வெயில் நாளில் 18 யூனிட் வரை கிடைக்கும். வேலைக்குப் போகிறவர்களின் கார் பகலில் வீட்டில் இருக்காதே என்பீர்கள். சனி, ஞாயிறு இருக்கிறதே! காலை ஒன்பது முதல் மூன்று மணி வரை சாதாரண பிளக்கில் மெதுவாக ஏற்றினாலே நாளுக்குச் சுமார் 13 யூனிட். இரண்டு நாளில் ஏறத்தாழ 170 கிலோமீட்டருக்கு ஆகிவிடும். சாட்ஸ்வொர்த்திலிருந்து நகரத்துக்குப் போய்வருகிறவருக்கு அது நான்கு நாள் ஓட்டம்.

மாதம் 900 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 63 லிட்டர் பெட்ரோல் செலவாகும். லிட்டர் 21 ரேண்ட் என்றால் 1,300 ரேண்ட் சொச்சம். அதே தூரத்துக்கு மின்சாரத்தை விலைக்கு வாங்கினாலும், யூனிட் 3 ரேண்ட் என்று வைத்தால், 400 ரேண்டுதான். வெயில் தருவது அதிலும் கழியும்.

இன்னொன்று, எனக்கு நெடுநாள் ஆசை. நம் கோயில்களில் கார் நிறுத்த எவ்வளவு பரந்த வெளி இருக்கிறது! அங்கே தகடுகளையே கூரையாகப் போட்டால் காருக்கு நிழலும் ஆயிற்று, கோயிலுக்கு மின்சாரமும் ஆயிற்று. காவடி நாளில் வரும் கூட்டத்துக்கும் நிழல். கோயில் நிர்வாகிகள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள்.

இறக்குமதி வரியைப் பற்றியும் பேச எண்ணியிருந்தேன். நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நிலையத்தார் கை காட்டுகிறார்கள். பேட்டரியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பழைய மின்சார கார் வாங்கப் போனால் ஓடிய கிலோமீட்டரை மட்டும் பார்த்து விலை பேசாதீர்கள். பேட்டரியில் எத்தனை விழுக்காடு திறன் மீந்திருக்கிறது என்று கருவி வைத்துப் பார்க்கச் சொல்லி, எழுத்தில் வாங்குங்கள். பேட்டரிக்கு எட்டு ஆண்டு உத்தரவாதம் தருகிற நிறுவனங்கள் பல உண்டு. அதில் எத்தனை ஆண்டு மிச்சம், உரிமையாளர் மாறினாலும் அது செல்லுமா என்றும் கேளுங்கள். வணக்கம்.