இந்தத் தண்ணீர் அழுக்கு இல்லை! சிட்னி காட்டுக்குள் ஒரு டீ நிற மடு

[காட்சி: பாறை விளிம்பிலிருந்து கேமரா மெல்ல நீரை நோக்கி இறங்குகிறது. குரல் மட்டும்.]

இந்தத் தண்ணீரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கரையோரத்தில் பால் விடாத டீயின் நிறம். இரண்டடி தள்ளிக் கரும்பச்சை. நடுவில் கிட்டத்தட்டக் கறுப்பு. முதல் முறை பார்க்கிற யாருக்கும் "ஐயோ, எங்கேயோ சாக்கடை கலக்குது" என்றுதான் தோன்றும்.

கலக்கவில்லை. இந்த நிறத்தைக் கொடுத்தது சுற்றியிருக்கிற செடிகளும் மரங்களும். அவற்றை அப்படி வளர வைத்தது இந்தப் பாறை. அந்தப் பாறையின் கதை 20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. இன்னொரு விஷயமும் இருக்கிறது. நீங்கள் ஏன் இந்தத் தண்ணீரில் ஒருபோதும் தலைகீழாகப் பாயக் கூடாது என்பதற்கும் இந்த நிறம்தான் காரணம். அதனால் வீடியோவைக் கடைசி வரை பாருங்கள், குறிப்பாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக நினைப்பவர்கள்.

[தலைப்பு அட்டை: கார்லூ பூல், ராயல் தேசியப் பூங்கா]

வணக்கம் மக்களே. இன்றைக்கு நாம் போகிற இடம் சிட்னிக்குத் தெற்கே இருக்கிற ராயல் தேசியப் பூங்கா. வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இது ஆஸ்திரேலியப் பழங்குடிகளான தராவல் மக்களின் நிலம். 1879-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோனுக்கு அடுத்தபடி உலகில் இரண்டாவது. 1954-இல் எலிசபெத் அரசி வந்து போன பிறகு பெயரோடு 'ராயல்' சேர்ந்தது. சரி, நடப்போம்.

[காட்சி: ஹீத்கோட் ரயில் நிலையம், கிழக்குப் பக்கம்]

சிட்னி சென்ட்ரலிலிருந்து டி4 தடத்தில் வாட்டர்ஃபால் போகிற ரயிலில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஹீத்கோட். நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கினால் சில நிமிடங்களில் காடு. கார் தேவையில்லை, பூங்காவின் வாகனக் கட்டணமும் இல்லை. மேற்கு சிட்னியிலிருந்து ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போகிற நம் ஆட்கள் ஹீத்கோட் ரோடு வழியாக இந்த ஊருக்குப் பக்கத்தில்தான் போகிறார்கள். சனிக்கிழமை தவறாமல் பெருமாளைச் சேவித்து, கேன்டீனில் தோசை சாப்பிட்டுத் திரும்புகிற எத்தனையோ குடும்பங்கள் இந்தக் காட்டைக் கார் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருக்கின்றன. எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம். இந்த வீடியோ அவர்களுக்காகத்தான்.

[காட்சி: மணற்பாதை, இருபுறமும் உயரம் குறைந்த மரங்கள்]

முதல் பகுதி மேட்டுநிலம். இங்கே நீங்கள் முதலில் உணர்வது வாசனையை. கண்ணை மூடினால் ஊட்டிதான். 1840-களில் ஆங்கிலேயர்கள் நீலகிரிக்குக் கொண்டுபோய் நட்ட யூக்கலிப்டஸ் இந்தக் கண்டத்து மரம். ஆஸ்திரேலியாவில் அதில் 700-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. நீலகிரியில் தைல மரத்தை வரிசை வரிசையாக நட்டதால் சோலைகளும் புல்வெளிகளும் இடம் இழந்தன. அதைப் பார்த்து அந்த மரத்தின் மேல் கோபப்பட்டவர்கள் ஒருமுறை இங்கே வந்து நடக்க வேண்டும். இங்கே அது பேங்க்சியா, வாட்டில் என்கிற இந்த நாட்டு மரங்களோடும் நூறு வகைச் செடிகளோடும் இடத்தைப் பங்கிட்டு நிற்கிறது. குற்றம் மரத்தின் மேல் இல்லை, கொண்டுபோய் நட்ட விதத்தில்தான்.

இப்போது நில்லுங்கள். வீடியோவை வேகமாக ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து இங்கே ஓட்டாதீர்கள். எனக்கு இந்த நடையில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

[காட்சி: வெளிர்நிற அடிமரம், அதன் மேல் வளைந்து நெளியும் பழுப்புக் கோடுகள். நெருக்கமாக.]

இந்தக் கோடுகளைப் பார்த்தீர்களா? யாரோ பென்சிலை எடுத்து மரம் முழுக்கக் கிறுக்கின மாதிரி இருக்கிறது. மரத்தின் பெயரே ஸ்கிரிப்ளி கம், அதாவது 'கிறுக்கல் யூக்கலிப்டஸ்'. இதைப் பார்க்கிற பத்துப் பேரில் எட்டுப் பேர் "ஏதோ பூச்சி ஊர்ந்த தடம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பூச்சிதான், ஆனால் ஊர்ந்த தடம் இல்லை. இது பட்டைக்கு உள்ளே நடந்த ஒரு வாழ்க்கையின் பதிவு.

கதை இப்படி. ஓக்மோகிராப்டிஸ் என்று ஒரு அந்துப்பூச்சி. மிகச் சிறியது, பறந்து போனால் நம் கண்ணில் படாது. அதன் புழு மரப்பட்டைக்கு உள்ளே துளைத்துக்கொண்டு போகிறது. முதலில் நீண்ட வளைவுகளாகப் போகும். பிறகு வளைவுகள் நெருங்கி, இடமும் வலமுமாக நெளியும். கடைசியில் ஒரு சின்ன வட்டமடித்துத் திரும்பி, தான் வந்த தடத்தை ஒட்டியே பின்னால் வரும். அதனால்தான் பல கோடுகள் இரட்டையாகத் தெரிகின்றன. இதோ, இங்கே பாருங்கள், திரும்பின இடம்.

[காட்சி: இரட்டைக் கோட்டின் முனையில் வளைவு. விரல் சுட்டுகிறது.]

இனி வருவதுதான் ஆச்சரியம். புழு துளைத்த இடத்தை மரம் ஆற்றப் பார்க்கிறது. அந்தச் சுரங்கத்துக்குள் புதுத் திசுவை வளர்த்து நிரப்புகிறது. மெல்லிய சுவர் கொண்ட, சத்து நிறைந்த செல்கள். புழு மறுபடி திரும்பி அந்தத் திசுவைத்தான் சாப்பிடுகிறது! அதுவரை கால் இல்லாமல் இருந்த புழு, தோலுரித்துக் கால்களோடு கூடிய கடைசிப் பருவத்துக்கு மாறி, தன் பழைய பாதையிலேயே நடந்து, மரம் காயத்துக்குப் போட்ட மருந்தை உணவாக்கிக்கொண்டு கிடுகிடுவென வளர்கிறது. வயிறு நிறைந்ததும் பட்டையைத் துளைத்து வெளியேறி, கீழே இறங்கிக் கூடு கட்டுகிறது. அதன் பிறகுதான் மரம் வெளிப்பட்டையை உதிர்க்கிறது. கோடுகள் அப்போதுதான் வெளியே தெரிகின்றன. ஆக, நாம் பார்க்கும்போது புழு போய்விட்டிருக்கும். எழுதினவரை நேரில் பார்க்க முடியாது.

இது தற்செயலாகச் சரியாக அமைகிறது என்று நினைக்காதீர்கள். மரம் எந்த அடுக்கில் பட்டையை உதிர்க்கப் போகிறதோ, அந்த அடுக்கை ஒட்டியே புழு துளைக்கிறது. இந்தக் கதை முழுசாகத் தெளிவானது சமீபத்தில்தான். 2012-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் ஒரே கட்டுரையில் இந்தப் பூச்சியின் 11 புதிய இனங்களை விவரித்தார்கள். ஊரே அறிந்த மரம், எல்லாரும் கடந்து போகிற கிறுக்கல், அதை எழுதுகிற பூச்சிகளில் பலவற்றுக்கு 2012 வரை பெயர்கூட இல்லை!

ஒரு வேண்டுகோள். இதைப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்துப் பக்கத்தில் உங்கள் பெயரைக் கீறாதீர்கள். அப்படிக் கீறின மரங்களை எல்லாக் காட்டிலும் பார்க்கிறோம். ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

[காட்சி: பாதை இறங்கத் தொடங்குகிறது. பாறைப் படிகள். பறவை ஒலி.]

கேட்டதா? சாட்டையைச் சொடுக்குகிற மாதிரி ஒரு சத்தம், உடனே இரண்டு சின்ன ஒலி. விப்பேர்ட். சொடுக்குவது ஆண், பதில் சொல்வது பெண். இடைவெளியே இல்லாததால் ஒரே பறவை என்று தோன்றும்.

இனி பாறை. காலுக்கு அடியில் இருப்பது ஹாக்ஸ்பரி மணற்பாறை. பாறைச் சுவரில் சாய்வாகப் போகிற கோடுகளைப் பாருங்கள். ஒவ்வொரு சாய்வும் ஆற்றுமணல் திட்டு நகர்ந்த அடையாளம். 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, ஆஸ்திரேலியாவும் அண்டார்க்டிகாவும் ஒரே நிலமாக இருந்தபோது, தெற்கேயிருந்து வந்த ஒரு மாபெரும் ஆறு கொட்டின மணல் இது. எவ்வளவு பெரிய ஆறு? இன்றைய உலகில் இதற்கு நிகராகப் புவியியலாளர்கள் எடுத்துக்கொண்டது பிரம்மபுத்திராவை. 1975-இல் இந்த இரண்டையும் ஒப்பிட்டே ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. சிட்னியில் ஒரு பாறையைப் புரிந்துகொள்ள அசாமுக்கும் வங்கத்துக்கும் போக வேண்டியிருந்திருக்கிறது!

அந்த மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். அதில் சத்து இல்லை, முக்கியமாக பாஸ்பரஸ் மிகக் குறைவு. இப்படிப்பட்ட மண்ணில் ஒரு இலையை உருவாக்குவது செடிக்குப் பெரிய செலவு. ஒரு இலையைப் பூச்சி தின்றுவிட்டால் இன்னொன்று எளிதில் போட முடியாது. அதனால் இங்கே இலைகள் தடிப்பாக, விறைப்பாக, எண்ணெயும் டானின் என்கிற துவர்ப்புப் பொருளும் நிறைந்து இருக்கின்றன. தின்ன வருகிறவர்களுக்கு வாய் துவர்க்க வேண்டும், அதுதான் திட்டம். அந்த இலை உதிர்ந்தாலும் சீக்கிரம் மக்காது. மழை பெய்தால் அதன் டானின் ஊறி இறங்கி, மணல் வழியாகக் கசிந்து, ஓடைக்கு வருகிறது. நம் வீட்டில் டீத்தூள் வெந்நீரில் செய்கிற வேலையை இங்கே ஒரு காடே குளிர்ந்த நீரில், ஆண்டு முழுக்கச் செய்துகொண்டிருக்கிறது.

[காட்சி: மடு. அகன்ற பாறைத் தளம், நடுவே நீர்.]

வந்துவிட்டோம். இதுதான் கார்லூ பூல். ஓடும் ஓடையின் பெயர் கங்காரு க்ரீக். ஹீத்கோட்டிலிருந்து நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். நிறம் நாளுக்கு நாள் மாறும். மழை ஓய்ந்து சில வாரங்கள் ஆனால் பச்சை தூக்கலாக இருக்கும், இலைச்சாறு புதிதாக இறங்கியிருந்தால் பழுப்பு.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன விஷயம். கையில் அள்ளினால் நீர் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் ஆழம் கூடக்கூட டானின் வெளிச்சத்தைக் குடித்துவிடுகிறது. நான்கு அடியும் கறுப்பு, பத்து அடியும் கறுப்பு. நடுவில் ஒரு பாறை முட்டிக்கொண்டிருந்தால் மேலே நின்று பார்க்கிறவருக்குத் தெரியவே தெரியாது. போன மாதம் ஆழமாக இருந்த இடத்தில் வெள்ளம் ஒரு மரத்துண்டைக் கொண்டுவந்து செருகியிருக்கலாம். பக்கத்தில் யாராவது குதிக்கிறார்கள் என்பதால் நீங்களும் குதிக்காதீர்கள். தலை முதலில் போனால் கழுத்தெலும்பு முறியும், தண்டுவடம் போகும், வாழ்க்கை முழுக்கச் சக்கர நாற்காலி. நான் பயமுறுத்தவில்லை, இந்த நாட்டு மருத்துவமனைகளுக்கு இது பழகிப்போன காயம்.

நடந்து இறங்குங்கள். காலால் தடவிப் பார்த்து, உட்கார்ந்து, மெதுவாக. இன்னொரு காரணமும் உண்டு. மேலே வெயில் சுள்ளென்று அடித்தாலும் அடியில் நீர் சில்லென்று இருக்கும். அந்தக் குளிரில் சட்டென்று மூச்சு வாங்கும், அந்த ஒரு இழுப்பில் தண்ணீர் உள்ளே போய்விடும். கழுத்து வரை இறங்கி, மூச்சு சீராகும் வரை கரையோரமே நில்லுங்கள்.

உயிர்காப்பாளர் இங்கே கிடையாது. ஆஸ்திரேலியாவில் நீரில் மூழ்கி இறப்பது கடலில் மட்டும் நடப்பதில்லை. ஆறு, ஓடை, அணை என்று உள்நாட்டு நீர்நிலைகளிலும் நிறைய நடக்கிறது. இறந்தவர்களில் வெளிநாட்டில் பிறந்தவர்களும் கணிசமான பேர். படிக்க வந்த பிள்ளைகள் இதைக் கவனமாகக் கேளுங்கள். ஊரில் கிணற்றில் நீந்திப் பழகியிருந்தாலும் சரி, தனியாக இறங்காதீர்கள். நீச்சல் தெரியாதவர்கள் பாறையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொள்ளுங்கள். அதுவே போதுமான சுகம், நான் சத்தியமாகச் சொல்கிறேன். நீச்சல் கற்றுக்கொள்ள வயது வரம்பில்லை, உள்ளூர் நீச்சல் குளங்களில் பெரியவர்களுக்கும் வகுப்புகள் உண்டு.

பெரிய மழைக்குப் பிறகு சில நாள் வராதீர்கள், நீரும் கலங்கியிருக்கும், ஓடையைக் கடக்கவும் முடியாது.

பாம்பு, சிலந்தி பற்றி எப்படியும் கேட்பீர்கள். இருக்கின்றன. ஃபனல் வெப் சிலந்திக்கு 1981-இல் விஷமுறிவு மருந்து வந்தது, அதன் பிறகு அந்தக் கடியால் யாரும் இறக்கவில்லை. மூடின ஷூ போடுங்கள், கழற்றி வைத்திருந்தால் உதறிவிட்டு மாட்டுங்கள். பாம்பைப் பார்த்தால் நின்று வழிவிடுங்கள். வீட்டுக்குப் போனதும் உண்ணி இருக்கிறதா என்று காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் பாருங்கள்.

தீ மட்டும் வேறு கணக்கு. 1994 ஜனவரியில் இந்தப் பூங்காவின் 90 சதவீதத்துக்கும் மேல் எரிந்தது. நாம் இன்று கடந்து வந்த பேங்க்சியாக்களில் சில, தீப்பட்டால்தான் காயைத் திறந்து விதையை விடும். காடு திரும்பி வந்துவிட்டது, மனிதரால் அப்படி வர முடியாது. கடும் தீ அபாய நாட்களில் பூங்காவை மூடுவார்கள். கிளம்பும் முன் தேசியப் பூங்கா இணையதளத்தில் எச்சரிக்கைப் பக்கத்தைப் பாருங்கள். பள்ளத்தில் செல்பேசி சிக்னல் சரியாகக் கிடைக்காது, எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள். அவசர எண் 000. 'எமர்ஜென்சி பிளஸ்' செயலி நீங்கள் நிற்கிற இடத்தைச் சரியாகக் காட்டும், அதை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: ஈரத் துண்டு, முதுகுப்பை, ஏற்றம்]

திரும்பும் வழி முழுக்க ஏற்றம். குளித்த களைப்பும் சேர்ந்துகொள்ளும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கேட்கிற ஏற்றம், அதைக் குறைக்காதீர்கள். புளியோதரை கொண்டுபோனால் பாறையில் உட்கார்ந்து சாப்பிட அருமை, ஆனால் வாழையிலையையும் சேர்த்தே திரும்பக் கொண்டுவர வேண்டும். இயற்கைதானே, மக்கிவிடும் என்று போடக் கூடாது. இந்த மண் சத்தில்லாமல் இருப்பதால்தான் இந்தச் செடிகள் இங்கே வாழ்கின்றன, நம் மிச்சச் சோறு அவற்றுக்கு உதவி இல்லை. ஓடையில் சோப்பும் ஷாம்பூவும் வேண்டவே வேண்டாம்.

தெம்பு இருப்பவர்கள் திரும்பாமல் முன்னே ஊலூலா அருவி வரை போய், வாட்டர்ஃபால் நிலையத்தில் ரயில் பிடிக்கலாம். மொத்தம் சுமார் 10 கிலோமீட்டர். குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், அதனால் காலையிலேயே கிளம்புங்கள். ஊலூலா வழியை அடுத்த வீடியோவில் தனியாகக் காட்டுகிறேன், சேனலைப் பின்தொடருங்கள். நீங்கள் பார்த்த ஸ்கிரிப்ளி கம் மரத்தில் புழு திரும்பின வளைவு தெரிகிற படம் எடுத்தால் கட்டாயம் அனுப்புங்கள், நல்ல படங்களை அந்த வீடியோவில் போடுகிறேன்.