துணைவியாக வந்தவரின் பட்டம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். கனடாவில் குடியேறும் உயர்கல்வி பெற்ற பெண்கள் தங்கள் துறையில் வேலை பெற முடியாமல் போவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம், வெளிநாட்டுப் பட்டத்துக்கு இங்கே மதிப்பில்லை என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அது உண்மைதான், ஆனால் அந்தத் தடை கணவனுக்கும் உண்டு. மனைவி அவனைவிடப் பின்தங்கிப்போவதற்குக் காரணம், அரசும் குடும்பமும் சேர்ந்து அவளை வரிசையில் இரண்டாவதாக நிறுத்திவிடுவதே என்பது என் கருத்து.

திறன்தொழிலாளர்களைப் புள்ளி போட்டுக் குடியேற்றத்துக்குத் தேர்ந்தெடுக்க, 2015 ஜனவரியில் கனடா தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையைப் பாருங்கள். தம்பதியராக விண்ணப்பிக்கும்போது முதன்மை விண்ணப்பதாரரின் முதுகலைப் பட்டத்துக்கு 126 புள்ளிகள். உடன் வரும் துணையின் அதே முதுகலைப் பட்டத்துக்கு 10 புள்ளிகள். யார் பெயரை முதலில் போட்டால் புள்ளி கூடும் என்று வீட்டில் கணக்குப் பார்க்கையில், பிள்ளைப்பேற்றுக்காக வேலையை விட்டு நின்ற மனைவியின் பெயர் பெரும்பாலும் பின்னுக்குப் போகிறது. விமான நிலையத்தில் வந்து இறங்குவதற்கு முன்பே அவள் துணைவி ஆகிவிடுகிறாள்.

வந்த பிறகும் அதே வரிசைதான். கணவர் தம் துறையில் வேலை தேடட்டும், அதுவரை வாடகைக்கு வழி வேண்டும் என்று, கையில் கிடைத்த வேலைக்கு மனைவி போகிறார். ஊரில் பல ஆண்டுகள் தாதியாக இருந்த ஒருவர், ரொறன்ரோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு உதவியாளராகச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதியவரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, சக்கர நாற்காலியில் அமர்த்துகிறார்; மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வருபவர் வேறொருவர். அந்த மாத்திரையின் அளவும் பக்கவிளைவும் இவருக்குத் தெரியும், ஆனால் தொடும் உரிமை இல்லை. இதனினும் கொடியது காலக்கெடு. அந்நகர் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் தாதியருக்கு உரிமம் வழங்கும் ஒழுங்குமுறை மன்றம் நெடுங்காலமாக, கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் தாதியாகப் பணியாற்றியதற்கான சான்றைக் கேட்டுவந்தது. பிள்ளை வளரட்டும், கணவர் நிலைபெறட்டும் என்று காத்திருந்த பெண்ணின் தகுதி, காத்திருந்த காரணத்தாலேயே காலாவதியானது.

2022இல் அங்கே தொடங்கிய மேற்பார்வைப் பயிற்சித் திட்டத்தை நான் மிகவும் மதிப்பது இதனால்தான். பதிவுபெறாத தாதி ஒருவர் மருத்துவமனையில் பதிவுபெற்ற தாதியின் மேற்பார்வையில் பணியாற்றி, அண்மைக்காலப் பணிச் சான்றையும் மொழித் தகுதியையும் அங்கேயே நிறுவ அது வழிசெய்தது. படித்த வேலையைச் செய்துகொண்டே உரிமம் பெறும் இத்தகைய வழி, பொறியியலுக்கும் ஆசிரியத் தொழிலுக்கும் மருந்தகத்துக்கும் பரவலாக வேண்டும்.

சட்டமும் மெல்ல நகர்ந்திருக்கிறது. ‘கனேடிய அனுபவம்’, அதாவது கனடாவில் ஏற்கெனவே வேலை செய்த அனுபவம், கேட்பது பாகுபாடாகலாம் என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணையம் 2013இல் அறிவித்தது. 2021இல் பல உரிமத் தொழில்களில் அந்த நிபந்தனைக்குத் தடைச் சட்டம் வந்தது. 2023இல் பொறியாளர் சங்கமும் அதைக் கைவிட்டது. தாமதமானாலும் இவை பெரிய வெற்றிகள். ஆயினும் நிபந்தனை நீங்கினால் மட்டும் தேர்வுக்குப் படிக்க நேரம் கிடைத்துவிடாது.

அந்த நேரம் பிள்ளைப் பராமரிப்பிலிருந்துதான் வர வேண்டும். கியூபெக் மாகாணம் 1997இல் நாளுக்கு 5 டாலர் கட்டணத்தில் குழந்தைப் பராமரிப்பைத் தொடங்கிய பின், அங்கே தாய்மார் வேலைக்குச் செல்வது கணிசமாக உயர்ந்தது. 2021இன் கூட்டாட்சி வரவு செலவுத் திட்டம் நாடு முழுவதற்கும் சராசரியாக 10 டாலர் என்று இலக்கு வைத்தது. ஆனால் கட்டணம் குறைந்தாலும் இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டிய குடும்பங்கள் ஏராளம். புதிதாக வந்து இறங்கியவரின் பெயர் அந்தப் பட்டியலில் எங்கே இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே நம் ஊர்ச் சங்கங்களிடமும் பழைய மாணவர் மன்றங்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஆண்டுவிழாவுக்கு மண்டபம் எடுக்கும் நாம், உரிமத் தேர்வுக்குப் படிக்கும் தாய்மாருக்காகச் சனி, ஞாயிறுகளில் ஓர் அறையையும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேரையும் ஒழுங்கு செய்ய முடியும். தேர்வுக் கட்டணத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்க முடியும். வீடுகளில் கணவர்மாரிடம் நான் கேட்பது, வந்த முதல் ஆண்டிலேயே இருவரின் உரிமக் கெடுத் தேதிகளையும் ஒரே தாளில் எழுதிவைத்து, எவருடைய கெடு முதலில் முடிகிறதோ அவரை முதலில் படிக்க விடுங்கள் என்பதுதான்.