சொதிச் சட்டியும் பித்தப்பையும்

நேயர்களுக்கு வணக்கம்.

சில வருடங்களுக்கு முன்பு வெள்ளவத்தையில் ஒரு மாலை நேரக் கிளினிக். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். கைப்பையைத் திறந்து ஒரு ஜாம் போத்தலை எடுத்து என் மேசையில் வைத்தார். உள்ளே தண்ணீரில் பச்சைப் பச்சையாக உருண்டைகள். சின்னது கடலை அளவு, பெரியது நெல்லிக்காய் அளவு.

"டொக்டர், என்ரை பித்தப்பைக் கல்லெல்லாம் விழுந்திட்டுது. இனி ஒப்பரேஷன் தேவையில்லைத்தானே?"

பரீட்சை பாஸான பிள்ளையின் முகம் அவருக்கு. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். யாரோ சொன்னார்களாம். ஒரு நாள் முழுக்கப் பழச்சாறு மட்டும் குடித்துவிட்டு, இரவு படுக்கப் போகும்போது அரைக் கோப்பை ஒலிவ் எண்ணெயைத் தேசிக்காய்ச் சாறோடு கலந்து குடித்திருக்கிறார். விடிய மலத்தோடு இவை விழுந்தன. கழுவி எடுத்துப் போத்தலில் போட்டுக்கொண்டு ஓட்டோ பிடித்து நேரே என்னிடம் வந்துவிட்டார்.

அந்தப் போத்தலுக்குப் பிறகு வருகிறேன். கொழுப்புச் சாப்பாடு சிலருக்கு ஏன் சமிபாடடைவதில்லை, அதைச் சரிப்படுத்த என்ன செய்யலாம் என்று பேசத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். அதை விளங்கிக்கொள்ள ஒரு சொதிச் சட்டி போதும்.

சொதி வைப்பவர்களுக்குத் தெரியும். தேங்காயின் இரண்டாம் பாலில் வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம் போட்டு நன்றாகக் கொதிக்கவிடலாம், ஒன்றும் ஆகாது. முதற்பாலை விட்ட பிறகுதான் கவனம். நெருப்பைக் குறைத்து, அகப்பையால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே நிற்கவேண்டும். கொஞ்சம் கண்ணயர்ந்தால் சொதி திரைந்துவிடும், எண்ணெய் மேலே படர்ந்துவிடும். தேங்காய்ப்பாலில் எண்ணெய் மிகச் சிறிய துளிகளாக, ஒவ்வொன்றும் மெல்லிய புரத உறையோடு தண்ணீரில் பரவி நிற்கிறது. கொதி ஏறினால் உறை கெடுகிறது, துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன.

நம் குடல் செய்யவேண்டியது இதன் தலைகீழான வேலை. எண்ணெய் மிதக்கிற கறியை எடுத்து மறுபடி தேங்காய்ப்பால் மாதிரி ஆக்கவேண்டும். ஏனென்றால் கொழுப்பை உடைக்கும் நொதியம், அதாவது என்சைம், தண்ணீரில் இருப்பது. எண்ணெய்த் துளிக்குள் அதனால் போக முடியாது, மேற்பரப்பைத்தான் சுரண்ட முடியும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஒரே துளியாக இருந்தால் அதன் மேற்பரப்பு ஒரு தீப்பெட்டியின் மேற்பக்க அளவு. அதே எண்ணெய் ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பருமனுள்ள துளிகளாகச் சிதறினால், மேற்பரப்பு பத்தடி அறையின் நாலு சுவருக்கும் வரும். சமிபாட்டின் வித்தியாசமெல்லாம் அந்தத் தீப்பெட்டிக்கும் அந்த நாலு சுவருக்கும் இடையில்தான்.

சரி, அகப்பை பிடிப்பது யார்? வாயில் மென்று அரைக்கிறோம். இரைப்பை பிசைந்து கடைகிறது, அங்கே சுரக்கும் நொதியம் கொழுப்பில் ஒரு சிறு பங்கை உடைத்தும் வைக்கிறது. பிறகு இரைப்பை கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குத் தள்ளுகிறது. கொழுப்பு கூடக்கூட இந்த வேகம் குறையும். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட கொத்துரொட்டி பதினொரு மணிக்கும் நெஞ்சுக்குக் கீழே கல்லாக இருக்கிறதென்றால், அது நோயல்ல, உடல் வேண்டுமென்றே போடும் பிரேக். ஒரேயடியாக வந்தால் சமாளிக்க முடியாது என்று அதற்குத் தெரியும்.

கொழுப்பு சிறுகுடலின் தொடக்கத்தைத் தொட்டதும் அந்தச் சுவரிலிருந்து ஒரு ஹோர்மோன் இரத்தத்தில் கலக்கிறது. பெயர் கோலிசிஸ்டோகைனின். 1928இல் ஐவி, ஓல்ட்பேர்க் என்ற இருவர் இதைக் கண்டு எழுதினார்கள். "பித்தப்பையை அசைப்பது" என்பதுதான் பெயரின் பொருள். அது பித்தப்பையைச் சுருங்க வைக்கிறது, சதையியை, அதாவது கணையத்தை, நொதியம் அனுப்பச் சொல்கிறது, மூளைக்கும் "போதும்" என்று ஒரு சேதி அனுப்புகிறது. அந்தக் கடைசிச் சேதியை இறால் வடைக்கு முன்னால் கொழும்புக் காலி முகத்திடலில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பித்தம் என்றால் ஏதோ கெட்ட நீர் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். "பித்தம் கூடிவிட்டது" என்ற பேச்சு வேறு. ஈரல் ஒரு நாளைக்குச் சுமார் 600 மில்லிலீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை பித்தநீரைச் செய்கிறது. பித்தப்பை கொள்ளுவது 30 முதல் 50 மில்லிலீற்றர்தான். அதனால் அது நீரை உறிஞ்சி, பாலைச் சுண்டக் காய்ச்சுவது போலப் பித்தத்தைச் செறிவாக்கி வைத்துக்கொள்கிறது. இந்தப் பித்தத்தில் கொழுப்பை வெட்டுகிற நொதியம் எதுவும் இல்லை. அது ஒரு சவர்க்காரம் மாதிரி, துளிகளைச் சிதறடித்து மறுபடி சேராமல் பார்த்துக்கொள்ளும். வெட்டுகிற கத்தி சதையியிலிருந்து வருகிறது. ஒன்றில்லாமல் மற்றது அரை வேலைதான் செய்யும்.

சதையியின் பங்கு தெரியவந்த கதை எனக்குப் பிடித்தமானது. பிரெஞ்சு உடலியலாளர் குளோட் பேர்னாட் 1840களின் பிற்பகுதியில் முயல்களை ஆராய்ந்தார். முயலுக்குப் பித்தக்குழாய் குடலின் தொடக்கத்திலேயே திறக்கும், சதையியின் குழாய் அதற்கு ஒரு அடிக்கும் மேல் தள்ளித் திறக்கும். கொழுப்பு கொடுத்த முயலின் குடலைப் பார்த்தால், சதையிநீர் வந்து சேரும் இடத்துக்குப் பிறகுதான் நிணநீர்க் குழாய்கள் பால் போல வெளுத்திருந்தன. அதற்கு முன்னால் பித்தம் மட்டும் இருந்த பகுதியில் அந்த வெண்மை இல்லை. அவ்வளவுதான், முயலின் உடலமைப்பே பரிசோதனையைச் செய்து வைத்திருந்தது. அந்த வெண்மை, உறிஞ்சப்பட்ட கொழுப்பு. சீனியும் புரதமும் நேரே ஈரலுக்குப் போகும், இது அப்படிப் போகாது, நிணநீர் வழியாகச் சுற்றி வந்து கழுத்தடியில் இரத்தத்தில் சேரும்.

பித்தத்தில் அந்தச் சவர்க்கார வேலையைச் செய்வது பித்த உப்பு. வேலை முடிந்ததும் அதை உடல் வீசிவிடுவதில்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கைத் திரும்ப எடுத்து ஈரலுக்கு அனுப்புகிறது. வெற்றுப் போத்தலைக் கடையில் திருப்பிக் கொடுப்பது போல. மொத்தக் கையிருப்பு இரண்டு முதல் நான்கு கிராம்தான், அதுவே ஒரு நாளைக்கு ஆறிலிருந்து பத்துத் தடவை சுற்றுகிறது.

இனி அந்த ஜாம் போத்தல். 2005இல் லான்செட் மருத்துவ இதழில் இருவர் இதே மாதிரி ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். இதே ஒலிவ் எண்ணெய், இதே எலுமிச்சைச் சாறு, இதே பச்சை உருண்டைகள். பரிசோதித்ததில் கொலஸ்ட்ரோலும் இல்லை, பித்த நிறப்பொருளும் இல்லை, கல்சியமும் இல்லை. கொழுப்பு உடைந்தால் வரும் கொழுப்பமிலங்கள்தான். 40 பாகைச் சூட்டில் பத்து நிமிடத்தில் உருகி எண்ணெயாகிவிட்டன. குடித்த எண்ணெயை நொதியம் உடைத்து, சாற்றிலிருந்த பொட்டாசியத்தோடு சேர்ந்து உருவான சவர்க்கார உருண்டைகள் என்பது அவர்களின் முடிவு. அந்த அம்மாவிடம் ஒரு உருண்டையைச் சுடுதண்ணீர்க் கோப்பையில் போட்டுக் காட்டினேன். கரைந்து மேலே எண்ணெய் படர்ந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அரை லீற்றர் போத்தல் என்ன விலை தெரியுமோ?" என்றார். ஒலிவ் எண்ணெயைச் சொல்கிறார். ஸ்கானில் கல் மூன்றும் இருந்த இடத்திலேயே இருந்தன. நல்ல காலம், அவ்வளவு எண்ணெய்க்குப் பித்தப்பை இறுகச் சுருங்கும்போது ஒரு கல் குழாயில் போய் அடைத்திருந்தால் மஞ்சட்காமாலையோடு வந்திருப்பார்.

கல் இல்லாதவர்கள் பலர் "எண்ணெய்ச் சாப்பாடு எனக்கு ஒத்துவராது டொக்டர், காஸ்ட்ரைட்டிஸ்" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கொழுப்பு நன்றாகவே சமிபாடடைகிறது. சுகதேகியான ஒருவர் சாப்பிடும் கொழுப்பில் 95 வீதத்துக்கு மேல் உறிஞ்சப்பட்டுவிடும். பிரச்சினை நேரத்திலும் அளவிலும் இருக்கிறது. புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் ஒருவரின் நாளைச் சொல்கிறேன், பலருக்கும் பொருந்தும். காலையில் பிளேன்டீ. பதினொரு மணிக்கு ஒரு ரோல்ஸ் நின்றுகொண்டே. பகல் சாப்பாடு மூன்று மணிக்கு, சில நாள் அதுவும் இல்லை. இரவு பத்து மணிக்குச் சீஸ் கொத்து, பிறகு படுக்கை. நாளில் பெரும்பகுதி பித்தப்பை நிறைந்து செறிந்து கிடக்கிறது, கூப்பிடுவார் அதிகமில்லை. இரவில் நாளின் கொழுப்பில் பெரும்பங்கு ஒரே சட்டியில் வந்து விழுகிறது. நான் அவருக்குக் கொத்தை நிறுத்தச் சொல்லவில்லை, சொன்னாலும் கேட்கமாட்டார். காலையில் இரண்டு இடியப்பமும் சொதியும், அல்லது முட்டையோடு பாண், அதைச் சாப்பிடச் சொன்னேன். பித்தப்பை காலையில் ஒரு தடவை சுருங்கட்டும். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குக் கொண்டுவந்து, கொத்தில் பாதியை இன்னொருவரோடு பங்கு போடச் சொன்னேன். படுப்பதற்கு முன் இரண்டு மூன்று மணித்தியாலம். மருந்து எதுவும் எழுதவில்லை, அதில் அவருக்குக் கொஞ்சம் குறைதான்.

நோன்பு காலத்திலும் இதே கணக்குத்தான். பகல் முழுக்க நிறைந்திருக்கும் பித்தப்பைக்கு முதல் வேலையாகச் சமோசாவும் பெட்டிஸும் கொடுப்பதைவிட, பேரீச்சம்பழமும் கஞ்சியும் குடித்து, தொழுது வந்து பிறகு சாப்பிடும் பழக்கம் குடலுக்கு ஏற்றது. கல் இருப்பவர்கள் நோன்புக்கு முன்பே தங்கள் வைத்தியரோடு பேசிக்கொள்வது நல்லது.

இன்னொன்று. எடை குறைக்கிறேன் என்று கொழுப்பை அறவே விட்டுவிட்டு வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறக்குபவர்களுக்குத்தான் புதிதாகக் கல் பிடிக்கும் ஆபத்துக் கூடுகிறது. கொழுப்பே வராவிட்டால் பித்தப்பை சுருங்காது, பித்தம் தேங்கும். ஏ, டி, ஈ, கே என்ற நாலு விற்றமின்களும் கொழுப்பில் ஏறித்தான் உள்ளே போகின்றன. வல்லாரைச் சம்பலில் தேங்காய்ப்பூ போடுவது ருசிக்கு மட்டுமல்ல, கீரையிலிருந்து விற்றமின் ஏ ஆக மாறும் கரோட்டீனுக்கு அதுதான் ஓட்டோ.

சாப்பிட்டதும் குளிர்தண்ணீர் குடித்தால் கொழுப்பு வயிற்றில் உறைந்துவிடும் என்பதைக் கேட்டிருப்பீர்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகைக்குக் கீழேதான் உறையும். நுவரெலியாவில் காலையில் போத்தலுக்குள் வெள்ளையாக இருக்கும், கொழும்பில் பெரும்பாலும் தண்ணீராகவே இருக்கும். வயிறு 37 பாகை. ஒரு தம்ளர் குளிர்தண்ணீர் கொஞ்ச நேரத்தில் அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். சுடுதண்ணீர் குடித்தால் வயிற்றுக்கு இதமாக இருக்கும், குடியுங்கள், ஆனால் அது கொழுப்பைக் கழுவாது. இஞ்சியும் அப்படித்தான். சிலருக்கு இரைப்பை கொஞ்சம் வேகமாக வெறுமையாக உதவலாம், பித்தத்தின் வேலையை அது செய்யாது.

தேங்காய் எண்ணெய்க்குப் பித்தமே தேவையில்லை என்று ஒரு பேச்சும் ஓடுகிறது. அரை உண்மை. சங்கிலி குட்டையான சில கொழுப்பமிலங்கள் பித்தத்தின் உதவி அதிகமில்லாமல் நேரே ஈரலுக்குப் போகும், உண்மைதான். தேங்காய் எண்ணெயில் அவை ஏறக்குறைய 15 வீதம். பாதியளவு இருப்பது லோரிக் அமிலம், அது பெரும்பாலும் நீண்ட சங்கிலிக் கொழுப்பைப் போலத்தான் நடந்துகொள்ளும். சதையி நோயாளிகளுக்கு எழுதிக் கொடுக்கும், அந்தக் குட்டைச் சங்கிலிகளை மட்டும் பிரித்தெடுத்த எம்.சி.டி. எண்ணெய் வேறு, மளிகைக்கடைத் தேங்காய் எண்ணெய் வேறு.

உண்மையிலேயே கொழுப்பு சமிக்காதவர்களும் இருக்கிறார்கள். மலம் வெளிறி, அளவில் கூடி, எண்ணெய்ப் பசையோடு, கடும் மணத்தோடு, இரண்டு மூன்று தரம் ஃபிளஷ் பண்ணியும் போகாமல் இருக்கும். கூடவே எடை இறங்கும். மலம் சும்மா மிதப்பதை வைத்துப் பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் வாயுவால். நீண்ட காலக் குடிப்பழக்கத்தால் சதையி கெட்டவர்கள், குழாய் அடைபட்டவர்கள், சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்தவர்கள் இந்த வகை. சதையி கெட்டவர்களுக்கு நொதியக் குளிசை உண்டு. அதைச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்போ பின்போ விழுங்கினால் வீண். முதல் வாயோடு ஒன்று, நடுவில் ஒன்று என்று சாப்பாட்டோடேயே போகவேண்டும், அப்போதுதான் உணவோடு கலக்கும். இந்தக் குளிசைகள் பொதுவாகப் பன்றியின் சதையியிலிருந்து எடுக்கப்படுபவை. இதை நான் எப்போதும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். முஸ்லிம் நோயாளிகளும் மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்களும் பிறகு யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு சொல்லாமல் நிறுத்திவிடுவதைவிட, முதலிலேயே பேசித் தீர்மானிப்பது நல்லது. சுகதேகிகள் "சமிபாட்டு நொதியம்" என்று பார்மசியில் காசு கொடுத்து வாங்குவது எனக்கு விளங்காத ஒன்று.

வலது விலாவுக்குக் கீழே தொடங்கி முதுகுப் பக்கமாக, வலது தோள்பட்டைக்கு ஏறும் வலி, கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தால் ஒரு ஸ்கான் எடுத்துப் பாருங்கள். அதோடு காய்ச்சலோ, கண் மஞ்சளோ, கறுத்த சிறுநீரோ இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அந்த ஜாம் போத்தல் அம்மாவுக்கு இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒப்பரேஷன் நடந்தது. பித்தப்பை போனால் பித்தம் போகாது, ஈரல் செய்வது சொட்டுச் சொட்டாகக் குடலுக்கு வந்துகொண்டேயிருக்கும், சேமிப்புத்தான் இல்லை. சிலருக்குக் கொஞ்ச நாள் வயிறு இளகும். அதனால் தொடக்கத்தில் சின்னச் சின்னச் சாப்பாடாக, பொரியல் குறைத்து, பிறகு மெல்லக் கூட்டலாம் என்று சொன்னேன். ஆறு வாரம் கழித்து வந்தார். கைப்பையைத் திறந்தபோது எனக்குக் கொஞ்சம் பயம். ஒரு டிபன் பெட்டியை எடுத்தார்.

"சொதி டொக்டர். முதற்பால் விட்டது. எனக்கு ஒண்டும் செய்யேல்லை, நீங்களும் சாப்பிட்டுப் பாருங்கோ."

வணக்கம்.