கிரீடம், இரண்டு எழுத்து, ஒரு வருடம்

நேயர்களுக்கு வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ராணுவ ரைஃபிள்களைச் சேகரிக்கிறவர்கள் முதலில் பார்ப்பது துப்பாக்கியில் குத்தியிருக்கும் முத்திரையை. பிரிட்டிஷ் படை 1871இல் ஏற்ற மார்டினி-ஹென்றியையே எடுத்துக்கொள்வோம். விசைக்குப் பின்னால் இருக்கும் நெம்புகோலைக் கீழே தள்ளினால் உள்ளிருக்கும் எஃகுக் கட்டை இறங்கும், காலித் தோட்டா வெளியே வந்து விழும். புதிதாக ஒன்றைப் போட்டு நெம்புகோலை மேலே இழுத்தால் சுடத் தயார். அதன் வலப்பக்கத்தில் ஒரு கிரீடம், விக்டோரியா மகாராணியைக் குறிக்கும் 'வி.ஆர்.', என்ஃபீல்ட் போல ஒரு தொழிற்சாலைப் பெயர், அப்புறம் வருடம்.

சரி, வி.ஆர். என்றும் 1907 என்றும் ஒரே இரும்பில் இருந்தால்? மகாராணி 1901 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார். இப்படிப்பட்டவை பெரும்பாலும் பாகிஸ்தான்-ஆப்கானிஸ்தான் எல்லையில் இருக்கும் கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைகளில் கையால் செய்த நகல்கள். எழுதப் படிக்கத் தெரியாத கொல்லர் பார்த்துப் பார்த்துக் குத்தியதால், ஆங்கில 'என்' எழுத்து கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி நிற்கும். ஆப்கானிஸ்தானுக்குப் போன வெளிநாட்டுச் சிப்பாய்கள் பலர் இவற்றை அசல் என்றே நம்பி வாங்கிப் போனார்கள். ஆனால் அந்தக் கொல்லர்களின் கைவேலைக்காகவே இவற்றைத் தேடி வாங்குகிறவர்களும் உண்டு. நான் அவர்கள் பக்கம்தான்.

சேகரிப்பு உலகத்தையே புரட்டிப்போட்டது நேபாளம். காத்மாண்டுவில் ஒரு பழைய அரண்மனை பல்லாண்டுகளாக ஆயுதக் கிடங்காக இருந்தது. அங்கே கிடந்த 50,000க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை 2003இல் இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் வாங்கின. பிரவுன் பெஸ் என்ற பழைய பிரிட்டிஷ் துப்பாக்கி, என்ஃபீல்ட் ரைஃபிள், மார்டினி எல்லாமே புழுதியும் காய்ந்துபோன கிரீஸும் அப்பியபடி வெளியே வந்தன. அவற்றோடு நேபாளத்தின் சொந்தச் சரக்கான கஹேந்திரா ரைஃபிளும் வந்தது. ஜெனரல் கஹேந்திர ஷம்ஷேர் ராணாவின் பெயர் அது. பார்வைக்கு மார்டினி மாதிரி இருக்கும். ஒவ்வொன்றையும் கையால் ராவிப் பொருத்தியதால் ஒன்றின் உறுப்பு இன்னொன்றில் சேராது. இதை வைத்துச் சுட்டுப் பார்க்க ஆசைப்படாதீர்கள்.

அந்தப் புழுதியைத் துடைக்கும்போதும் அவசரம் கூடாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் முத்திரையும் தேய்ந்துவிடும், விலையும் இறங்கிவிடும். எண்ணெயும் மெல்லிய துணியும் போதும்.

நம் நாட்டில் இதற்குச் சட்டமும் குறுக்கே நிற்கும். 1959ஆம் வருட ஆயுதச் சட்டம் பழம்பொருளுக்கு விலக்கு தருகிறது. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும். 'பழசுதானே, லைசென்ஸ் எதற்கு' என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பி வாங்கிவிடாதீர்கள்.

இந்திய வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் தேட வேண்டியது '1858 மாதிரி' எனப்படும் மஸ்கட் வகைத் துப்பாக்கி. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கென்று வந்தது. வெளியே பார்த்தால் என்ஃபீல்ட் ரைஃபிள் மாதிரியே இருக்கும். குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தால் குண்டைச் சுழற்றி நேராக அனுப்பும் வரிப்பள்ளங்கள் இருக்காது. தூரத்துக்கு ஏற்றபடி உயர்த்திக் குறி பார்க்கும் அமைப்பையும் எடுத்துவிட்டு அசையாத ஒன்றை வைத்திருப்பார்கள். சிப்பாயிடம் துப்பாக்கியைக் கொடுத்தாலும், தூரத்திலிருந்து குறி பார்த்து அடிக்கும் வசதியைக் கொடுக்க வெள்ளைக்காரனுக்கு மனம் வரவில்லை.