ஒன்றுக்குப் பத்து என்னும் கணக்கு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பினாங்குத் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்.

“குடியிருப்புக்குப் பெரும்பயன் தருவது முதிர்ந்த மரங்களைக் காப்பதா, புதுக் கன்றுகளை நடுவதா?” இதுதான் இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவர் இரண்டு வாதங்களை வைத்தார். வெட்டும் மரம் ஒன்றுக்குப் பத்துக் கன்று நட்டால் ஊருக்கு லாபம் என்றார். கிழட்டு மரம் ஆளைக் கொல்லும் என்றார். இரண்டாவது கனமான வாதம். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தப் பத்துக் கன்றை எண்ணிப் பார்ப்போம்.

நம் சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் இலை மூடுவதால் மலாய்க்காரர்கள் இதை ‘புக்குல் லீமா’, ஐந்து மணி மரம், என்றே அழைக்கிறார்கள். 30 மீட்டர் அகலத்துக்குக் குடை விரித்த ஒரு மரம் ஏறத்தாழ 700 சதுர மீட்டர் தரைக்கு நிழல் தரும். கன்றின் தலை 2 மீட்டர் அகலம் என்று தாராளமாகவே வைப்போம். அது தருவது 3 சதுர மீட்டர் நிழல். ஈடுகட்ட 225 கன்றுகள் வேண்டும், ஐயா! பத்தை நட்டுவிட்டுக் கணக்கு நேராகிவிட்டது என்றால் எப்படி ஒப்புவது? தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு வெறுங்காலில் நடப்பவரிடம் கேளுங்கள், வெயில் காய்ந்த தாருக்கும் மரத்தடித் தாருக்கும் என்ன வேறுபாடு என்று.

நிழல் மட்டுமா? இருவாட்சிப் பறவைக்குத் தானாகப் பொந்து குடையத் தெரியாது. பருத்த மரத்தில் ஏற்கெனவே விழுந்த பொந்துக்குள்தான் பெண் பறவை புகுந்து, வாயிலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். கைப்பருமன் கன்றில் அதற்கு ஏது வீடு?

இப்போது இரண்டாவது வாதம். 2024 மே 7 அன்று கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் சாய்ந்து ஓர் உயிர் போனது. அந்தத் துயரத்தை எங்கள் அணி சிறிதாக்கவில்லை. ஆனால் அதன்பின் மாநகராட்சி சொன்ன எண்ணிக்கையையும் பாருங்கள்: ஐம்பது வயது தாண்டிய மரங்கள் 175, அவற்றில் நல்ல நிலையில் இருந்தவை 147, ஆபத்தானவை 28. வயதுதான் குற்றம் என்றால் 175-ம் அல்லவா ஆபத்துப் பட்டியலில் இருக்க வேண்டும்?

மரத்தை முதுமை மட்டும் சாய்ப்பதில்லை. மரத்தைத் தாங்கும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், சுமார் 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குள், அகலமாகப் படர்ந்திருக்கிறது. அடிமரக் குறுக்களவைப் போல் 12 மடங்கு தூரம் சுற்றிலும் தோண்டக்கூடாது என்பது மரப் பராமரிப்பில் பொதுவாகக் கொள்ளும் அளவு. ஒரு மீட்டர் குறுக்களவுள்ள மரத்துக்கு 12 மீட்டர். நாமோ ஒரு மீட்டர் தள்ளி லோங்காங், அதாவது வடிகால், வெட்டுகிறோம், கேபிள் புதைக்கிறோம். ஒரு பக்க வேர் போனபின்னும் இலை பச்சையாகவே இருக்கும். ஆண்டுகள் கழித்து, மண் ஊறிய ஒரு மழைநாளில் காற்றடிக்கும்போது மரம் மறுபக்கம் சாயும். அன்று எல்லாரும் மரத்தைத் திட்டுவார்கள். லோங்காங் வெட்டியதை யார் நினைப்பார்கள்?

நம்மவர்களும் தவறுகிறோம். அரசமரத்தடியில் பிள்ளையாரை வைத்து, பக்தியோடு அடிமரம் வரை சிமெண்ட் மேடை கட்டுகிறோம். வேருக்குக் காற்றும் போகாது, நீரும் இறங்காது. மேடை வேண்டுமென்றால் தள்ளிக் கட்டுங்கள், அடிமரத்தைச் சுற்றி மண்ணை விடுங்கள்.

இன்னொன்று, மொட்டையடிப்பது. உச்சியை வெட்டினால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். வெட்டிய இடத்தில் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகள் மரத்தின் வெளியடுக்கில் மட்டுமே ஒட்டி வளர்பவை. உள்ளே வெட்டுவாய் அழுகும், வெளியே கிளை கனக்கும், பிறகு முறியும். கனமான கிளையைக் கழிக்க மூன்று வெட்டு வேண்டும். அடிமரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, கீழிருந்து கிளையின் கால்பங்கு அளவுக்கு முதல் வெட்டு. இல்லாவிட்டால் கிளை விழும்போது பட்டையை உரித்துக்கொண்டு போகும். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது. கடைசியாக, கிளை சேருமிடத்தில் புடைத்திருக்கும் வளையத்தை ஒட்டி, வளையத்தைத் தொடாமல், மூன்றாவது. அந்த வளையம்தான் காயத்தை மூடும். பெயிண்ட் பூச வேண்டாம்.

அடியில் தட்டுக்காளான் முளைத்தால், வேரோரம் மண் வெடித்துத் தூக்கினால், நேராக நின்ற மரம் திடீரென ஒரு பக்கம் சாயத் தொடங்கினால், உடனே மாநகராட்சிக்குச் சொல்லுங்கள். சோதித்துத் தேறாத மரத்தை வெட்டட்டும். அதை நாங்கள் எதிர்க்கவில்லை. தேறிய மரத்தைக் கார் நிறுத்த இடமில்லை, இலை கொட்டுகிறது என்று வெட்டுவதைத்தான் எதிர்க்கிறோம்.

அதற்குச் சட்டமும் துணை நிற்கிறது, நடுவர் அவர்களே. 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 35எச் பிரிவு பினாங்குக்குப் பொருந்தும். சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை எழுத்து அனுமதி இல்லாமல் பொதுவாக வெட்டக்கூடாது. தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். அடிமரத்தில் பலகைபோல் புடைத்து நிற்கும் பலகை வேர் இருந்தால் அதற்கு மேலே. உங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, ரம்பத்தோடு லாரி வந்தால், தையல் நாடாவை எடுத்துக்கொண்டு இறங்குங்கள். முதலில் மரத்தை அளந்து காட்டுங்கள். பிறகு அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள்.